புகை மணக்கும் தோடுகள்

1

நான் லண்டனில் பாசிமணி விற்பதாக ஊரில் ஒரு கதை உலாவுகிறதாம். போன கிழமை என் தங்கை தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரிக்க முன்பே இதைத்தான் கேட்டாள்.

"அக்கா, மெய்யே? சேர்ச்சுக்குள்ள சாமான் பரப்பி வைச்சுக்கொண்டு இருக்கிறியாம்?"

கதையைக் காவிக்கொண்டு போனவர் யாரென்று எனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர். கோலியர்ஸ் வுட்டில் சனிக்கிழமைகளில் கைவினைச் சந்தை நடக்கிற மண்டபத்துக்குள், மழைக்கு ஒதுங்கிய சாட்டில் எட்டிப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் என்னைக் கண்டதும் அவருடைய முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. ஒரு தோட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பவுன் முத்திரை தேடியிருப்பார்.

"இதென்ன பிள்ளை, தோலே?"

"ஓம், தோல்தான்."

தோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பு எனக்கு நல்லாய்ச் சுட்டது.

கதை பொய்யில்லை. ஆனால் அரைவாசிதான் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிச்சத்தை நானே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த முறை நான் மதம் மாறிவிட்டதாகவும், வீட்டு முற்றத்தில் மாடு உரிப்பதாகவும் கதை வரும்.

எனக்குச் சந்தேகக் குணம் என்று என் கணவர் சொல்லுவார். மறுக்கமாட்டேன். வாசலில் பால் போத்தல் இடம் மாறியிருந்தால் நான் தெருவை மேலும் கீழும் பார்ப்பேன். கவுன்சிலிலிருந்து யாராவது சிரித்த முகத்தோடு வந்தால் கதவுச் சங்கிலியைக் கழற்றமாட்டேன். வந்த புதிதில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஒரு கேக் கொண்டுவந்து தந்தாள். அதை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தின்றோம். சோதனைச் சாவடிகளுக்குள்ளால் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவளுக்குச் சந்தேகம்தான் காவல். எண்பத்தைந்தில் இங்கு வந்து இறங்கியபோது நகையும் இல்லை, நட்டும் இல்லை. அந்தக் குணம் ஒன்றுதான் பத்திரமாக வந்து சேர்ந்தது.

2

இந்தக் கதை தொண்ணூறாம் ஆண்டு தொடங்குகிறது. அப்போது என் மகள் பிருந்தாவுக்குப் பதினாலு வயது.

எனக்கு ஒரு பழக்கம். பிள்ளை வெளியில் போய்விட்டு வந்தால் பிடித்து இழுத்து உச்சி மோந்து கொஞ்சுவேன். என் அம்மாவும் அப்படித்தான். கொஞ்சல் பாதி, விசாரணை பாதி. நாங்கள் வெயிலில் நின்றோமா, கடற்கரைக்குப் போனோமா, யார் வீட்டுக் குசினியில் இருந்து கதையளந்தோம் என்பதெல்லாம் அம்மாவின் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஊரில் ஒரு பெண்பிள்ளையின் தலை புகை மணத்தால் முழுகிவிட்டுச் சாம்பிராணி பிடித்திருக்கிறாள் என்று அர்த்தம். லண்டனில் அதற்கு வேறு அர்த்தம்.

சனிக்கிழமை காலையில் என் கணவர் பெற்றோல் ஸ்டேசனில் இரவு ஷிப்ட் முடித்து வந்த கையோடு பிருந்தாவைக் காரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விடுவார். மதியம் போய்க் கூட்டிவருவார். ஒரு சனிக்கிழமை வந்தவளின் தலையை மோந்தேன். புகை.

"என்ன பிள்ளை, தலையெல்லாம் புகை மணக்குது?"

"பஸ்ஸில ஆரோ சிகரெட் பத்தினவை, அம்மா."

"பஸ்ஸோ? அப்பா எல்லோ காரில கூட்டிக்கொண்டு வந்தவர்."

ஒரு கணம் விழித்தாள். "அப்ப டீச்சர் பத்தியிருப்பா."

அந்த டீச்சர் கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருக்கிற மனுசி. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அடுத்த சனியும் அதே புகை. அதற்கடுத்த சனி குளித்துவிட்டுத்தான் கிட்ட வருவேன் என்று கதவைப் பூட்டிக்கொண்டாள். அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? சிகரெட் என்று முடிவு கட்டினேன். சிகரெட் என்றால் பின்னால் ஒரு பொடியன். பொடியன் என்றால் பள்ளிக்கூடம் போச்சு, படிப்புப் போச்சு.

அவள் முன்னமே கைநழுவிக்கொண்டுதான் இருந்தாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். சோற்றைக் கண்டால் முகச்சுளிப்பு. அவளுடைய சிநேகிதிகள் வந்தால் என்னைக் குசினிக்குள்ளேயே இருக்கச் சொல்லுவாள். நான் பேசுகிற இங்கிலீஷ் அவளுக்கு வெட்கம்.

டொரன்டோவில் இருக்கிற என் அண்ணையிடம் பேசினேன். "இஞ்ச அனுப்பு. ரெண்டு வருசத்தில ஆளைத் திருத்தி எடுக்கலாம்" என்றார். அண்ணை வீட்டில் ஏழு மணிக்குப் பிறகு தொலைபேசி மணி அடித்தாலே விசாரணை நடக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

கணவர் மட்டும் முரண்டு பிடித்தார். "நாடு விட்டு ஓடி வந்தது காணாதெண்டு, இப்ப பெத்த பிள்ளையையும் நாடு கடத்தப் போறீரோ?"

"கெட்டுப்போன பிறகு அழுகிறதிலும் பார்க்க இது நல்லம்" என்றேன்.

விசாவுக்கு விண்ணப்பித்தோம். எங்களிடம் இருந்தது அகதிப் பயணப் பத்திரம். ஏன் போகிறாள், எப்போது திரும்புவாள், திரும்புவாள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேள்விக்கு மேல் கேள்வி. என்னிலும் பெரிய சந்தேகக்காரர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டேன். விசா வரக் காலம் எடுத்தது. அந்த இடைவெளியில், பொடியன் யாரென்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது.

3

ஒரு சனிக்கிழமை, மரக்கறி வாங்க டூட்டிங் போவதாகச் சொல்லிவிட்டுக் கணவரின் நீளக் கோட்டையும் கம்பளித் தொப்பியையும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம். அங்கே நின்றேன். பஸ்கள் வந்து வந்து கதவைத் திறந்தன. நான் தலையை ஆட்டி ஆட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு டிரைவர் இறங்கிவந்து, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார். அவரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

கார் வந்தது, பிருந்தா இறங்கினாள், கார் போனது. அவள் முன்வாசலால் உள்ளே போய், சிறிது நேரத்தில் பக்கத்து வாசலால் வெளியே வந்தாள். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துத் தலையில் குத்திக்கொண்டாள். அலங்காரம்! நல்ல தூரம் விட்டுப் பின்னால் நடந்தேன். என்னவோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, வீட்டில் நான் பார்த்தே இராத ஒரு துள்ளலோடு போனாள்.

போய் நுழைந்தது ஒரு சேர்ச் மண்டபத்துக்குள்.

அந்த இடத்தில் மூன்றாவது சந்தேகம் வந்து முதல் இரண்டையும் விழுங்கிவிட்டது. சிகரெட்டும் இல்லை, பொடியனும் இல்லை, பிள்ளையைக் கிறிஸ்தவ வேதத்துக்கு இழுக்கிறார்கள்! சிவபெருமானே என்று உள்ளே பாய்ந்தேன்.

உள்ளே செபமும் இல்லை, பாட்டும் இல்லை. வரிசை வரிசையாக மேசைகள். மெழுகுதிரி, மட்பாண்டம், பின்னல் சட்டை, பழப்பாகு. சனக்கூட்டத்துக்குள் மகளைக் காணவில்லை. ஆனால் அந்தப் புகை மணம் வந்தது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே போனேன், கடைசி மூலையில் அகப்பட்டாள்.

கறுப்புத் துணி விரித்த மேசை. அதில் சின்னச் சின்ன மணிகளால் பூவும் இலையும் தைத்த தோல் தோடுகள், மாலைகள், கொண்டைக் கிளிப்புகள். மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய மனுசி, நரைத்த ஒற்றைப் பின்னல், கையில் ஊசி. பக்கத்தில் என் மகள் நின்று ஒரு வெள்ளைக்காரச் சோடிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இது மூஸ் என்ற பெரிய மானின் தோல். கனடாவின் வடக்கே டோரீனின் அக்கா பதப்படுத்தி அனுப்புகிறா. உக்கிய மரக்கட்டையைப் புகையவிட்டு அதில் தோலைப் பிடிப்பார்கள். அந்த மணம் போகவே போகாது." வீட்டில் கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லுகிற பிள்ளை, அங்கே மடைதிறந்த மாதிரிப் பேசினாள்.

என்னைக் கண்டதும் அவள் கை தலைக்குப் போனது. நான் முந்திவிட்டேன். அந்தக் கிளிப்பைக் கழற்றி மூக்கில் வைத்தேன். அதே மணம். சிகரெட் இல்லை. திரும்பவும் மோந்தேன். இல்லவே இல்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தேகம் ஆளை மாற்றிக்கொண்டது.

4

கோபம் வந்தால் என் இங்கிலீஷில் முதலில் காணாமல் போவது வினைச்சொல். "நீ, யார்? என் மகள், ஏன் இங்கே?" என்றேன் அந்த மனுசியிடம். பிருந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் பெயர் டோரீன். கிரீ என்ற பழங்குடி இனத்தவள். லண்டன்காரனைக் கட்டி வந்து, அவன் செத்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவள். இதெல்லாம் பின்னால் அறிந்தது. அன்றைக்கு எனக்கு அவள் பிள்ளை பிடிகாரி.

"உனக்குத் தெரியும் என்றுதான் இவள் சொன்னாள்" என்றாள் டோரீன். "நீச்சல் வகுப்பு முடிந்து வருகிறேன் என்றாள்."

"நீச்சல் இல்லை! தமிழ்! எங்கள் பாஷை. ஒவ்வொரு சனியும் தகப்பன் நித்திரை முழித்துக் கொண்டுபோய் விடுகிறார்."

டோரீன் ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். பிருந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்த பார்வை அதற்குப் பக்கத்தில் நிற்காது.

"உன் சொந்தப் பாஷையைச் சொல்லித்தருகிற இடத்தைவிட்டு ஓடி வந்தாயா?"

"போர் அடிக்கிறது டோரீன். சும்மா பாட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்."

டோரீன் எழும்பி, பிருந்தா வழக்கமாய் இருக்கிற முக்காலியை மடக்கி மேசைக்குக் கீழே தள்ளினாள். "உனக்கு இங்கே இடமில்லை. போ. வகுப்புக்குப் போ."

என் வேலையை வேறொருத்தி செய்தது எனக்கு இன்னும் கோபமாக வந்தது. "நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. இவளை உங்கள் கனடாவுக்குத்தான் அனுப்பப் போகிறேன். என் அண்ணன் வீட்டுக்கு."

பிருந்தாவுக்கு விசா எடுப்பது தெரியும். விடுமுறைக்கு என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

"எவ்வளவு காலத்துக்கு?" டோரீன் கேட்டாள்.

"திருந்தும் மட்டும்."

பிருந்தாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் சரி. டோரீன் சத்தம் போடாமல் சொன்னாள். அவள் சொன்னது இங்கிலீஷில். எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன்.

"என்னையும் திருந்தத்தான் அனுப்பினார்கள். அரசாங்கத்தின் ஆள் வந்து ஏற்றிக்கொண்டு போனான். சேர்ச் நடத்திய விடுதிப் பள்ளிக்கூடம். முதல் நாளே தலைமயிரை வெட்டி மண்ணெண்ணெய் பூசினார்கள். எங்கள் பாஷையில் ஒரு சொல் வாயில் வந்தாலும் அடி. கனகாலம் கழித்து வீட்டுக்குப் போனேன். அம்மா என்னைக் கட்டிப் பிடித்துத் தலையை மோந்தாள். பிறகு என் முகத்தைத் தூக்கிப் பிடித்து ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டாள். அடுத்த முறை நான் வருவதற்குள் அவள் இல்லை. அவள் என்ன கேட்டாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது."

கறுப்புத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் நான் நான்தான். தலையை மோந்த கதை இவளுக்கு எப்படித் தெரியும்? பிருந்தா சொல்லிக்கொடுத்து, என்னை மசிய வைக்க ஆடுகிறாளோ? பிருந்தாவைத் தமிழில் கேட்டேன்.

"நான் மோந்து பார்க்கிறது இவவுக்குச் சொன்னனியோ?"

"அம்மா! That's so embarrassing. அதை ஆருக்கும் சொல்லுவனோ?" அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அது பொய்யில்லை என்று மூக்குக்குத் தெரிந்தது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு டோரீனிடம் சொன்னேன். "காலையில் இவள் வகுப்புக்குப் போவாள். பின்னேரம் வேண்டுமென்றால் இங்கே வரட்டும். ஆனால் நானும் இங்கே இருப்பேன். காலையிலிருந்து இருப்பேன்."

"என்னை நம்பவில்லையா?"

"இல்லை."

"நல்லது. நானும் உன்னை நம்பவில்லை."

"என்னை ஏன்?"

"பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்புகிற ஆட்களை நான் நம்புவதில்லை."

5

அப்படித்தான் காவலுக்குப் போய்க் கடைக்காரியானேன்.

முதல் மாதம் முழுக்க நான் டோரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், டோரீன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரையும் வாங்க வருகிறவர்கள் பார்த்தார்கள். "நீங்கள் அப்படித் தெரியவில்லையே" என்பார்கள் டோரீனிடம். சினிமாவில் வருகிற மாதிரி இறகு குத்தியிருக்க வேண்டும் அவர்களுக்கு. ட்ரீம்கேச்சர் என்கிற, இறகு தொங்கவிட்ட கனவு வலை இல்லையா என்று கேட்பார்கள். அது எங்கள் ஆட்களுடையது இல்லை, நான் செய்யமாட்டேன் என்பாள். வியாபாரம் போய்விடும். எனக்கு வயிறு எரியும்.

சந்தையில் இருப்பதெல்லாம் அவரவர் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒருமுறை சந்தை நடத்துகிற கொமிற்றிக்காரி ஒருத்தி வந்து, இது எங்கோ தொழிற்சாலையில் செய்ததாக ஒரு புகார் வந்திருக்கிறது, அத்தாட்சி உண்டா என்று கேட்டாள். டோரீன் கைப்பையைத் திறந்து, அவள் இன்ன இனத்தவள் என்று கனடா அரசாங்கம் கொடுத்த அட்டையை எடுத்து வைத்தாள். எனக்கு என்னுடைய பயணப் பத்திரம் ஞாபகம் வந்தது. தான் யார் என்பதைத் தான் சொன்னால் போதாது, அட்டை சொல்ல வேண்டும். அந்தக் கொமிற்றிக்காரியின் மேசையில் இருந்த பழப்பாகுக்கு யாரும் அட்டை கேட்கவில்லை.

எனக்கு அன்றைக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு தோட்டை எடுத்து அவளுடைய மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். "மணந்து பாருங்கோ" என்று தமிழிலேயே சொன்னேன். மோந்தாள். முகம் மாறியது. "விறகு அடுப்பு" என்றாள். "தொழிற்சாலை இப்படி மணக்குமா?" என்றேன், இந்த முறை வினைச்சொல்லும் சேர்ந்து வந்தது.

அன்றிலிருந்து அதுவே என் வியாபார முறை. யாராவது அசலா என்று கேட்டால் பேச்சில்லை. தோட்டை மூக்கில் பிடிப்பேன். சந்தேகக்காரர்களை எனக்கு நல்லாய்த் தெரியும்; அவர்களுக்குச் சொல் உதவாது. மோந்தவர்களில் பாதிப்பேர் வாங்கினார்கள். டோரீன் முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு தானும் அதையே செய்யத் தொடங்கினாள்.

பிருந்தா வகுப்பு முடிந்து வருவாள். வந்ததும் டோரீன் கேட்கிற முதல் கேள்வி, இன்றைக்கு என்ன சொல் படித்தாய் என்பது. சொல்லாவிட்டால் முக்காலி கிடைக்காது. அந்தச் சொல்லை டோரீனும் சொல்லிப் பழகுவாள். இந்த வயதில் டோரீன் தமிழ் படித்து யாரோடு கதைக்கப் போகிறாள் என்று எனக்கு யோசனைதான். இப்போது டோரீனுக்கு 'ஏலாது' நன்றாக வரும். கொமிற்றிக்காரி மேசையை மாற்றச் சொன்னால் அதைத்தான் சொல்லுவாள்.

விசா வந்தது. பயணப் பத்திரத்தில் முத்திரை குத்தி வந்தது. அண்ணை டிக்கெட் பார்க்கட்டோ என்று கேட்டார்.

"பொறுங்கோ அண்ணை. பிள்ளைக்குச் சோதினை வருது."

அந்தச் சோதனைக்குப் பிறகு இன்னொரு சோதனை வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க விசா காலாவதியாகிப் போனது. அண்ணைக்கு இன்னும் என்னில் கோபம்.

6

இப்போது தொண்ணூற்றேழு. பிருந்தா லீட்ஸில் படிக்கிறாள். கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி எடுப்பாள். அவள் பேசும்போது பின்னால் யாரோ செருமுகிற சத்தம் கேட்கிறது. ரேடியோ என்கிறாள். ரேடியோவுக்குத் தடிமன் வருமா? நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அவள் இனி எங்கள் பக்கம் திரும்புவாளா, இல்லை வருசத்துக்கு ஒரு தீபாவளி என்று ஆகிவிடுமா என்ற பயம் எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது.

தங்கை தொலைபேசி எடுத்த அடுத்த நாள் சனிக்கிழமை. நான் வழக்கம்போலக் கறுப்புத் துணியை விரித்துத் தோடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். டோரீனுக்கு இப்போது கண் மங்கல். ஊசியில் நூல் கோர்ப்பது நான்தான். குனிந்து கோர்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ வந்து என் தோள் இரண்டையும் பிடித்தார்கள். திடுக்கிட்டுக் கையைத் தட்டிவிடப் போனேன். அதற்குள் ஒரு மூக்கு என் உச்சியில் வந்து பதிந்தது. ஆழமாக ஒரு மூச்சு இழுத்தது.

"என்னம்மா, தலையெல்லாம் புகை மணக்குது? எங்க போனனீங்கள்? ஆரோட நிண்டனீங்கள்?"

சொல்லாமல் கொள்ளாமல் லீட்ஸிலிருந்து வந்திருந்தாள். என் குரலையே அப்படியே பிடித்துக் கேட்டாள். ஒரு சொல் இங்கிலீஷ் இல்லை.

எனக்கு நூலும் தெரியவில்லை, ஊசியும் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

டோரீன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவள் உன்னிடம் என்ன கேட்டாள்?" என்றாள் மெதுவாக.

நான் சொன்னேன். என் இங்கிலீஷில், ஒரு வினைச்சொல்லும் தவறாமல், முழுவதையும் சொன்னேன். டோரீன் மேசையில் கிடந்த ஒரு தோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை கேட்கிறாள். பதில் சொல்" என்றாள்.

"ஒருத்தரோடயும் இல்லை, பிள்ளை" என்றேன்.

பிருந்தா நம்பவில்லை. மூக்கை என் தலையிலிருந்து எடுக்கவுமில்லை.